காமாலைக்குக் கீழாநெல்லி: முதலில் ரத்தப் பரிசோதனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். ஆனால், அசுத்தக் குடிநீரால் வரும் ஏ, இ வகை வைரஸ் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். பெயர் மூலிகைக்குப் போய்விடுகிறது.

கீழாநெல்லியைக் குறைத்துச் சொல்லவில்லை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய ஆய்வில், பி வகை வைரஸைச் சுமந்தவர்களுக்கு உலர்ந்த தூள் 200 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே பி வகைக்கு டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எடுப்பவர்கள் கீழாநெல்லியை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது.

செடியிலும் குழப்பம் உண்டு. கீழாநெல்லிக்குத் தண்டு பச்சை. வழவழப்பான காய்கள் சிறு காம்போடு இலைக்கடியில் தொங்கும். தண்டு சிவந்து, சொரசொரப்பான காய் காம்பின்றி ஒட்டியிருந்தால் அது வேறு இனம். தூளாகிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. பூச்சிமருந்து அடித்த வரப்பில் பறிக்கவே வேண்டாம்.

மலம் வெளுத்து உடம்பெல்லாம் அரித்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். கல்லோ கட்டியோ என்று ஸ்கேன்தான் சொல்லும். அதற்கு அரைத்துக் குடித்துப் பயனில்லை. கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபினின் அளவை மட்டும் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறுகிறதா என்பதே கல்லீரலின் நிலையைச் சொல்லும். தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஈறில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு இ வகைக் காமாலை உயிருக்கே ஆபத்து. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வாந்தியில் வற்றிப்போனவரை உப்பில்லாப் பத்தியத்தில் வைப்பது அவரை இன்னும் தளர்த்தும். மூலிகை என்பதாலேயே கல்லீரலுக்கு நல்லது என்றும் ஆகிவிடாது: கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

தங்கள் நாளிதழில் மூலிகைக் குறிப்பு வெளியிடும்போது, இந்த அபாய அறிகுறிகளையும் அதே பெட்டியில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
சித்த மருத்துவர் ஒருவர்,
திருச்சி