தெப்பக்குளத்தைச் சுற்றி

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தியின் காதுகுத்தில் ஆசாரியை விட நீ அதிகம் நடுங்கியதைப் படித்துக் கமலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. போன மாதம் எனக்குக் கொலோனாஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்தார்கள். பெருங்குடலில் சிறியதாக ஒரு பாலிப், சதை வளர்ச்சி. பார்த்த கையோடு எடுத்துவிட்டார்கள். சோதனையில் புற்று எதுவும் இல்லை, பதறாதே. குடலைச் சுத்தம் செய்ய முந்தைய நாள் குடிக்கக் கொடுத்த மருந்துதான் பெரிய வதை.

"தினமும் நடங்கள்" என்றார் டாக்டர். எல்லோருக்கும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மகள் விடவில்லை. 2025இல் வெளியான ஓர் ஆய்வை உட்காரவைத்து விளக்கினாள். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர். பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியாக்காரர்கள். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி, உணவு பற்றிய கையேடு மட்டும். மறுபாதிக்கு மூன்று வருடம் பயிற்சி, கூடவே கேட்டு ஊக்குவிக்க ஓர் ஆலோசகர். வழக்கமான வேலைகளுக்கு மேல் வாரம் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய அவர்களுடைய இலக்கு எட்டிவிடும். எட்டாண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உயிரோடு இருந்தார்கள். கையேட்டுக்காரர்களில் எண்பத்து மூன்று. தசை, மூட்டு வலி மட்டும் நடந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். என் முழங்கால் அதை ஒப்புக்கொள்கிறது.

அவர்கள் நோய் கண்டவர்கள், நான் அப்படியில்லை என்று வாதாடிப் பார்த்தேன். நோயே வராதவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளிலும், உடலுழைப்பு அதிகமுள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாம். இரத்தத்தில் இன்சுலின் தணிவது, உள் அழற்சி குறைவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். நடக்கிறேன் என்பதற்காக அடுத்த கொலோனாஸ்கோபியைத் தள்ளிப்போட முடியாது என்பதையும் மகள் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

அதனால் காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று சுற்று வருகிறேன். முதல் வாரம் ஆறு நாள் போனேன். இரண்டாவது வாரம் நாலு. போன வாரம் மழை என்று ஒருநாள், மழை வரும் போலிருக்கிறது என்று இரண்டு நாள் படுத்துவிட்டேன்.

அந்த ஆய்வில் எனக்கு உறைத்தது இதுதான்: கையேடு வாங்கியவர்களுக்கும் விஷயம் தெரியும், ஆனால் கேட்க ஆளில்லை. கமலா கேட்டால் சண்டையில் முடிகிறது. நீ கேள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போன் செய்து, எத்தனை நாள் நடந்தாய் என்று மட்டும் கேள். ஹாஸ்டல் நாளிலிருந்தே என் பொய் உன்னிடம் எடுபட்டதில்லை. பதிலுக்கு உன் கணக்கையும் கேட்பேன். சர்க்கரைக்காரன் நீ, தப்பித்துவிடலாம் என்று நினைக்காதே.

அன்புடன்,
ராமு