ஓக் மரங்களுக்கு நடுவே

பசடேனா, கலிஃபோர்னியா
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டுப் பால்காய்ப்பை இரண்டு பக்கத்துக்கு எழுதியவன், தோள்பட்டை எப்படி இருக்கிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டாய். கை முழுக்க மேலே தூக்க வருகிறதா, நெஞ்சு உயரம்தானா? காரணமாகத்தான் கேட்கிறேன்.

இங்கே ஜேபிஎல் விண்வெளி ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஹஹமோங்னா என்று ஒரு பூங்கா. அங்கே ஓக் மரங்களுக்கு நடுவே டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார்கள். மகன் கூட்டிப்போனான், இப்போது நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போகிறேன். கோல்ஃப் என்றதும் பணக்காரன் ஆட்டம் என்று முகத்தைச் சுளிக்காதே. மட்டை, பந்து, குழி எதுவும் கிடையாது. ஆடக் காசும் வேண்டாம். வீசினால் பறக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டு போதும். தூரத்தில் ஒரு கம்பம், அதில் சங்கிலிகள் தொங்கும், அடியில் இரும்புக் கூடை. தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். விழாவிட்டால், தட்டு கிடக்கும் இடத்திலிருந்து அடுத்த எறி. எல்லாக் கூடைகளையும் யார் குறைந்த எறிகளில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். அந்தச் சங்கிலிச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே இன்னொரு ரவுண்டு போகலாம்.

இந்தக் களம் 1975-ல் அமைந்தது. நிரந்தரமாக அமைத்த முதல் டிஸ்க் கோல்ஃப் களம் இதுதான் என்கிறார்கள். அமைத்தவர் எட் ஹெட்ரிக், வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனியில் ஃபிரிஸ்பி என்ற பறக்கும் தட்டை நேராகப் பறக்கும்படி திருத்தியவர். சங்கிலிக் கூடையும் அவர் யோசனைதான். 2002-ல் இறந்தார். அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்களாம். நாம் ராமேஸ்வரம் என்போம், அவர் இப்படிச் சொல்லியிருக்கிறார். கேட்டதும் சிரித்தேன், அப்புறம் சிரிக்கத் தோன்றவில்லை.

சொல்ல வந்தது இது. தட்டுகளில் வகை உண்டு. ஓரம் கத்திபோல் மெலிந்திருப்பது டிரைவர், வெகுதூரம் போவது. ஓரம் தடித்து மொண்ணையாக இருப்பது பட்டர், கூடைக்குக் கிட்டே நின்று போடுவது. இரண்டுக்கும் நடுவே மிட்ரேஞ்ச். புதிதாக வருகிறவர்கள் டிரைவர் மேல்தான் ஆசைப்படுகிறார்கள். என் மகனும் அப்படித்தான். ஜிம்முக்குப் போகிற உடம்பு, மூச்சைப் பிடித்து வீசுவான். தட்டு கொஞ்ச தூரம் சீறிப்போய் இடதுபக்கமாகச் சரிந்து புதருக்குள் நுழைந்துவிடும். வலது கையால் உடம்புக்குக் குறுக்கே வீசினால், வேகம் குறையும்போது தட்டு இடப்பக்கம் சாய்வது அதன் இயல்பு. டிரைவருக்கு வேண்டிய வேகம் கையில் இல்லையென்றால் அந்தச் சாய்வு சீக்கிரமே வந்துவிடும். பட்டருக்கு அந்த அவசரம் கிடையாது. மெதுவாக விட்டாலும் மணிக்கட்டுச் சுழற்சி சரியாக இருந்தால் நேரே போகும். கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கவே வேண்டாம். அவன் புதரில் தேடிக்கொண்டிருக்கும்போது நான் கூடைப்பக்கம் நிற்கிறேன்!

கோவில்பட்டியில் நாம் ஹாக்கி ஆடியபோது ஓங்கி அடிக்கிறவன்தான் பெரிய ஆள். நீ அடித்தால் பந்து எடுக்க மைதானத்துக்கு வெளியே ஆள் போக வேண்டும். அந்தப் பலம் உனக்கும் போயிற்று, எனக்கும் போயிற்று. இந்த ஆட்டம் அதைக் கேட்கவேயில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மருமகள் மட்டும் இதை ஆட்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மரத்தடியில் நடந்துவிட்டு வருவதற்கு ஒரு சாக்கு என்கிறாள். அதிலும் தப்பில்லை.

பூங்கா எல்லாருக்கும் பொது. நடக்கிறவர்கள், குதிரையில் வருகிறவர்கள் கடந்து போகும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தவறி யார் பக்கமாவது போனால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும். மற்றபடி கெடுபிடி இல்லை.

தை மாதம் வருகிறேன். பட்டர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று உனக்கு. கூடைக்கு என்ன செய்வது என்று கேட்பாய். கூடை வருவதற்கு முன்னால் மரமும் விளக்குக் கம்பமும் குப்பைத்தொட்டியும்தான் அமெரிக்காவிலும் இலக்கு. பள்ளி மைதானத்தில் வேப்பமரங்கள் இன்னும் நிற்கின்றனவா, காலையில் உள்ளே விடுவார்களா என்று வாட்ச்மேனிடம் கேட்டு எழுது. தோளை டாக்டரிடமும் ஒருதரம் காட்டு.

அன்புடன்,
ராமசாமி