பெற்றோரின் சர்க்கரை நோயும் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வந்தே தீரும் என்று உறவினர் பேசுவதும், அதைக் கேட்டு இளம் தாய்மார் கலங்குவதும் வருத்தம் தருகின்றன. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு என்றும், இருவருக்கும் இருந்தால் 70 விழுக்காடு வரை என்றும் மதிப்பிடுகிறார்கள். இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடலில் ஏறக்குறைய சுரக்காமலே போகும் முதல் வகையிலோ, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வருவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே.

எனக்கும் என் கணவருக்கும் இரண்டாம் வகை உண்டு. 13 வயது மகளின் பின்கழுத்து கறுத்திருந்ததை அழுக்கென்று எண்ணி, பயற்றம் மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே விளங்கியது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி மாற்றங்களாலேயே நோய் வரும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ஆகவே, இத்தகைய குடும்பங்களில் எடை கூடிய பிள்ளைகளுக்கு, 10 வயது முதலே பள்ளி மருத்துவப் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரையையும் பார்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகி, மதுரை