கட்டியக்காரன பேச விடுங்க: நம்ம ஊரு கோவில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தர்மகர்த்தா ஐயாவுக்கும் கமிட்டி பெரியவங்களுக்கும் வெயில்ல வசூலுக்கு அலைஞ்ச தம்பிங்களுக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்கே தெரியும், நான் முதல்லருந்து சொல்லத் தேவையில்ல. பதினெட்டு நாள் பாரதம், படுகளம், தீமிதி எல்லாம் நல்லபடியா முடிஞ்சது, அந்த ஒழைப்புக்கு கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா சூதாட்டத்துல தோத்து பாஞ்சாலி சேலைய இழுக்கற பகடை துகில் கூத்து அன்னைக்கி, ராஜா வர்றத சொல்லி நடுநடுவுல கேள்வி கேட்டு சிரிக்க வெக்கற கட்டியக்காரர வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே, அத மட்டும் என்னால ஜீரணிக்க முடியல. "சாமி காரியத்துல என்ன சிரிப்பு"ன்னு மைக்குலயே சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத எழுதுறேன்.

எங்க அத்தைய உங்க எல்லாருக்கும் தெரியும். என் கொழுந்தன் தொப்பூர் கணவாய்ல வண்டியில அடிபட்டுப் போனதுலருந்து அவங்க அம்மன் மேல கோவிச்சிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கோவில் வாசப்படி மிதிக்கல, வீட்டுல வெளக்கு கூட நான்தான் ஏத்தணும். சிரிப்புங்கறதே அந்த மொகத்துல இல்ல, களி கிண்டுனா சாப்புடுவாங்க, இல்லன்னா கேக்க மாட்டாங்க. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்கதான் வலுக்கட்டாயமா மந்தைக்கு கூட்டிட்டுப் போயி பாய் விரிச்சி உக்கார வெச்சாங்க. துரியோதனன் வந்து தம்பி தொண்ணூத்தொம்போது பேருன்னு நெஞ்ச நிமித்தி சொல்றான், கட்டியக்காரர் கைகட்டி பவ்யமா, "மகாராஜா, அத்தன பேரும் ரேஷன் கார்டுல ஏறிட்டாங்களா, சக்கரை எத்தன கிலோ போடுறாங்க"ன்னு கேட்டாரு. எங்க அத்தை சிரிச்சிட்டாங்க. சத்தமா, வாய மூடாம சிரிச்சாங்க, அப்படியே சிரிச்சிக்கிட்டே அழுதாங்க, அந்த அழுகை ரெண்டு வருஷமா உள்ளயே கெட்டியா கெடந்த அழுகைங்க. விடிஞ்சதும் தலைக்கு தண்ணி ஊத்திக்கிட்டு அவங்களே கோவிலுக்குப் போனாங்க, நான் கூப்புடல. அம்மன் முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டு வந்து காப்பி கேட்டாங்க.

இப்ப சொல்லுங்க, அந்த சிரிப்பு சாமி காரியமா இல்லையா? ரெண்டு வருஷம் பூசாரி கொண்டாந்து குடுத்த திருநீறும் நாங்க சொன்ன ஆறுதலும் தொறக்காத கதவ ஒரு சிரிப்பு தொறந்துச்சி. அதனால கேக்குறேன், அடுத்த வருஷம் கட்டியக்காரன பேச விடுங்க.

உங்க பக்கம் நியாயமே இல்லன்னு சொல்லல. போன வருஷம் ரெட்டை அர்த்தத்துல ஒண்ணு ரெண்டு பேச்சு வந்துச்சி, அத யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்புல சுத்த விட்டாங்க, ஊர் பேரு கெட்டுச்சி, எனக்கும் பொண்ணு இருக்கா, எனக்கும் கோவம்தான். அந்த மாதிரி பேச்சு வேணாம்னு கூத்து வாத்தியார்கிட்ட முன்னாடியே கண்டிப்பா சொல்லியிருக்கலாமே, மொத்த வாயையும் கட்டணுமா?

சாமி சிரிக்காதுன்னு யார் சொன்னது? சிவன் முப்புரத்த சிரிச்சே எரிச்சாருன்னுதான் நாம கேட்டு வளந்தோம். அப்பர் தில்லையில நின்னு அந்த குமிண் சிரிப்பப் பாக்கக் கெடச்சா மனுஷப் பொறவியும் வேண்டியதுதான்னு பாடுனாரு, பொறவியே வேணாம்னு கேக்குற அடியார் வாயிலருந்து வந்த பாட்டுங்க அது. அவ்வளவு ஏன், நம்ம தகடூர், அதான் இன்னைக்கி தர்மபுரி, அத ஆண்ட அதியமானுக்காக ஔவை காஞ்சி ராஜா தொண்டைமான்கிட்ட தூது போனாங்க, அவனோட ஆயுதமெல்லாம் நெய் பூசி மயில் பீலி சூட்டி காவலோட அழகா இருக்கு, எங்க ஆளு வேலெல்லாம் குத்தி முனை ஒடிஞ்சி கொல்லன் பட்டறையில கெடக்குன்னு சொன்னாங்க, புறநானூறு 95ஆம் பாட்டு. ராஜா மொகத்துக்கு நேரா நகைச்சுவையா உண்மைய சொல்ற அதே வேலையத்தான் கட்டியக்காரர் நம்ம களரியில பண்றாரு. அவரு நம்ம பேச்சுல கேள்வி கேக்கறதாலதான் அஸ்தினாபுரம் நம்ம மந்தைக்கே வருது. பாஞ்சாலி சேலைய இழுக்கற எடத்துல நெஞ்சு அடைச்சிப் போயி உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு மூச்சு விட எடம் குடுக்கறதும் அவருதான்.

இந்த வருஷம் அந்த மனுஷன் மொகத்துல அரிதாரம் பூசிட்டு "மகாராஜா வர்றாருங்கோ"ன்னு மட்டும் சொல்லிட்டு, ஆர்மோனியக்காரர் பக்கத்துல கால மடக்கி விடிய விடிய உக்காந்திருந்தாரே, பாத்தீங்களா? வேர்த்து வேர்த்து சாயம் கழுத்து வரைக்கும் வழிஞ்சிருந்துச்சி. வேஷம் கட்டுனவன பேச விடாம உக்கார வெக்கறது எவ்வளவு பெரிய அவமானம், கூலி முழுசா குடுத்தோம்னா அது சரியாயிடுமா?

டவுன்ல பார்க்குல நின்னு கைதட்டி சிரிப்பு யோகா பண்றாங்க, 1995ல மும்பையில ஒரு டாக்டர் அஞ்சு பேர வெச்சி ஆரம்பிச்சது, இன்னைக்கி எத்தனையோ நாட்டுல பண்றாங்க. நல்லதுதான். நம்ம ஊர்ல அத கோவில்லயே வெச்சிருந்தாங்க, நாமதான் நிறுத்துறோம். இப்ப எதுக்கெடுத்தாலும் மொகத்த இறுக்கமா வெச்சிக்கிட்டாதான் பக்தின்னு ஆயிப்போச்சி, கொழந்தைங்க வரிசையில சிரிச்சா கூட அதட்டுறீங்க, பெரிய ஸ்பீக்கர் வெச்சி வீட்டு சன்னலு அதிர்ற வரைக்கும் பாட்டு போடும்போது மட்டும் சாமிக்கு எடஞ்சல் இல்லையா? கோவத்துல எங்கயோ போயிட்டேன், பெரியவங்க மன்னிக்கணும்.

நான் கேக்குறது ஒண்ணுதான். அடுத்த வருஷம் கூத்துக்கு தாம்பூலம் மாத்தும்போதே கட்டியக்காரருக்கு பேச்சு உண்டுன்னு வாத்தியார்கிட்ட சொல்லிடுங்க. ஆபாசம் கூடாதுன்னும் அங்கயே சொல்லிடுங்க. முடிஞ்சா இந்த வருஷம் வந்தவரையே கூப்புடுங்க.

அன்னைக்கி கூத்து முடிஞ்சி திரும்பி வரும்போது எங்க அத்தை பாய சுருட்டிக்கிட்டே கேட்டாங்க, "அந்த புள்ளைக்கி ஒடம்பு கிடம்பு சரியில்லையா, ஏன் பேசவே இல்ல"ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கு நீங்கதான் ஒரு பதில் சொல்லணும்.

இப்படிக்கு,
உங்க ஊரு மருமக ஒருத்தி