காஃபுக்கு வால் கிடையாது

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை இரவு.

அன்பு மகள் ஜெனிக்கு,

தினமும் போனில் பேசுகிறோமே, இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். துணியை மட்டும் பொட்டலம் கட்டி அனுப்ப மனசு வரவில்லை மக்களே. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

நீ பார்த்துக்கொள்ளும் யூத அம்மச்சிக்கு, ஓய்வுநாள் ரொட்டியை மூடி வைக்க ஒரு அப்பத்துணி தைத்துத் தர முடியுமா என்று நீ கேட்ட அன்றைக்கே துணியை மனதில் முடிவு செய்துவிட்டேன். எட்டு வயதில் சேந்தமங்கலத்தை விட்டுப் போனவர் என்றாய் அல்லவா? பறவூர் பக்கத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பேர்போன ஊர். நெசவுச் சங்கத்துக்கே போய் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றரை மீட்டர் வாங்கினேன். அப்படியே அந்த ஊர் யூத ஜெப ஆலயத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். முன்னால் ஒரு கல் நிற்கிறது. சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல், 1269-ஆம் வருஷத்தது. இந்தியாவிலே கிடைத்த எபிரேய எழுத்துக்களில் இதுதான் பழையது என்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயர் இத்தனை நூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்றிருக்கிறது. கை வைக்கக் கூசிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். 1954-ல் இஸ்ரேலில் நெவாத்திம் என்ற ஊரில் போய்க் குடியேறியவர்கள் எல்லாரும் நம் கொச்சி நாட்டு யூதர்கள்தானே. துணி சேந்தமங்கலத்துத் தறியில் நெய்தது என்பதை மட்டும் மறக்காமல் அம்மச்சியிடம் சொல், மலையாளத்திலேயே சொல்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி மேசையை நீதானே ஒழுங்குபடுத்துகிறாய், அதனால் அப்பத்துணியின் காரணமும் உனக்குத் தெரிய வேண்டும். பாலைவனத்தில் மன்னா விழுந்த கதை ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் நாள் மட்டும் இரட்டைப் பங்கு. அதனால்தான் மேசையில் இரண்டு ரொட்டி. மன்னாவின் மேல் பனி மூடியிருந்த மாதிரி ரொட்டியின் மேல் துணி. இன்னொரு காரணமும் சொல்வார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். மற்ற நேரத்தில் ஆசீர்வாதம் முதலில் ரொட்டிக்குத்தான். ஓய்வுநாள் இரவில் திராட்சரசத்துக்கு முதலில் சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் ரொட்டிக்கு அது அவமானமாகிவிடக் கூடாதே என்று அதை மூடி வைக்கிறார்களாம். ரொட்டிக்கே மனசு நோகக் கூடாது என்று நினைத்தவர்களுக்குத் தைக்கிறோம் என்று நினைத்தால் ஊசி தானாகப் பதமாக இறங்கும்.

துணியில் தைத்த எபிரேய எழுத்து என்னவென்றால், ‘லிக்வோத் ஷபாத் வெயோம் தோவ்’. ஓய்வுநாளுக்கும் திருநாளுக்கும் மகிமையாக என்று அர்த்தம். வலமிருந்து இடம் எழுத வேண்டும். முதல் வார்த்தையிலேயே காஃப், பேத் என்ற இரண்டு எழுத்தும் அடுத்தடுத்து வரும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. காஃப் சும்மா வளைந்து முடிந்துவிடும். பேத்துக்கு அடியில் வலது பக்கம் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நம் ‘ர’வையும் துணைக்காலையும் தெரியாதவன் பார்த்தால் குழம்புவான் இல்லையா, அது மாதிரி. வார்த்தையின் கடைசியில் தாலெத். அதன் மூலை வெளியே துருத்தி நிற்க வேண்டும், உருண்டுவிட்டால் ரேஷ் என்ற வேறு எழுத்தாகிவிடும். உபாகமம் 6:4-இல் ‘கர்த்தர் ஒருவரே’ என்று வருகிறதே, அந்த ‘ஒருவர்’ என்ற வார்த்தையின் தாலெத்தைத் தோரா என்னும் அவர்கள் வேதச் சுருளில் பெரிதாக எழுதுவார்களாம். அது ரேஷ் மாதிரித் தெரிந்தால் ‘ஒருவர்’ என்பது ‘வேறொருவர்’ ஆகிவிடும். இதைச் சொன்னது எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் தொப்பி தைக்கச் சொல்ல வந்த ஒரு வெளிநாட்டுப் பாட்டி. அன்றிலிருந்து தாலெத்தைத் தொடும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் தைக்கிறேன்.

அப்படியிருந்தும் இந்தத் தடவை காஃபில் தப்பு செய்தேன்.

பட்டர் பேப்பரில் எழுத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்துப் பஞ்சால் தேய்த்துத்தான் துணியில் இறக்குவேன், உனக்குத் தெரியும். காஃபின் அடியில் நீலம் கொஞ்சம் கசிந்திருந்தது. அதைக் கோடு என்று நினைத்து வாலோடு சேர்த்துச் சாட்டின் தையல் போட்டுவிட்டேன். சாயங்காலம் சட்டத்தைத் தூரமாகச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது இரண்டு பேத் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வயிற்றில் ஏதோ புரண்ட மாதிரி ஆகிவிட்டது. துணியைத் திருப்பி, பின்பக்கத்து இழையைச் சின்னக் கத்தரியால் வெட்டி, முன்பக்கத்திலிருந்து சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆறு தையல்தான், ஒரு மணி நேரம் ஆனது. நனைத்த துணியை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் நெசவின் போக்கிலேயே தேய்த்துவிட்டேன். ஓட்டைகள் பெரும்பாலும் மூடிக்கொண்டன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நாலு புள்ளி இன்னும் தெரிகிறது. அம்மச்சி கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. ஒளித்துக் கொடுத்த மாதிரி இருக்க வேண்டாம்.

எழுத்துக்கு இருபுறமும் மாதுளை வைத்திருக்கிறேன். மாதுளையில் 613 விதை, கட்டளைகளும் 613 என்று அவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. அத்தனை பிரெஞ்சு முடிச்சும் போட்டுவிடலாமா என்று ஆசைதான். பழத்துக்கு அறுபதுக்கு மேல் இடமில்லை, சரி என்று விட்டுவிட்டேன். ஆறு இழை நூலில் இரண்டு இழையைப் பிரித்து, ஊசியில் இரண்டே சுற்று. மூன்று சுற்று சுற்றினால் முடிச்சு தலை சாய்ந்துவிடும். விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு நெசவிழை விட்டு அடுத்தது. தடவிப் பார், விரலுக்கு அடியில் உருளும்.

நூலெல்லாம் பருத்திதான், அதையும் சொல். ஆட்டு ரோமமும் லினன் நூலும் ஒரே துணியில் கலக்கக் கூடாது என்று நியாயப்பிரமாணத்தில் இருக்கிறது. அது உடுத்தும் துணிக்குத்தான் முக்கியம். ஜெபத்தில் தோளில் போர்த்தும் தாலித் என்ற சால்வைக்கு நூல் எடுக்கும்போது கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்பத்துணிக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும் வாங்குகிறவருக்கு மனசில் உறுத்தல் வரக் கூடாது. முன்பு நான் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுத்தேனே, அங்கிருந்து விலகியதும் இந்த மாதிரி விஷயத்தால்தான். மெஷினில் போட்டதை என் கைவேலையோடு கலந்து வைத்து எல்லாம் கைவேலை என்று விற்றார்கள். திருப்பிப் பார்த்தால் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மெஷின் வேலைக்குப் பின்பக்கம் பாபின் நூல் வெள்ளையாக ஒரே சீராக ஓடும். மெஷின் வேலையை மெஷின் வேலை என்று சொல்லி விற்றால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. பொய்தான் எனக்குச் சகிக்கவில்லை.

குமரிப் பக்கத்து முளகுமூட்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் துணியைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். பின்பக்கத்தில் முடிச்சு தெரிந்தால் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். 1897-ல் பெல்ஜியத்திலிருந்து மதர் மேரி லூயிஸ் தெ மீஸ்டர் அங்கே வந்தார். அதற்குப் பிறகு லேஸும் எம்பிராய்டரியும் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறது! உன் பாட்டி பூசை உடுப்புக்குப் பொன்னூல் வேலை செய்தவள். நான் அதே கையோடு கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்து யூதத் தெருவுக்குத் தைக்க ஆரம்பித்தேன். ஆசரிப்புக் கூடாரத்துக்குச் சித்திரத் தையல் செய்தவன் தாண் கோத்திரத்து அகோலியாப் என்று யாத்திராகமத்தில் பெயரே போட்டிருக்கிறது. தையற்காரனின் பெயர் வேதத்தில் நிற்கிறது என்பது எனக்குப் பெரிய தெம்பு, மக்களே.

யூதத் தெருவில் சாரா கோஹன் இருந்த காலம் உனக்கும் ஞாபகம் இருக்கும். தொப்பியும் அப்பத்துணியும் தைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். 2019 ஆகஸ்ட் 30-ல் போனபோது வயது 96. அவருக்குப் பிறகு கடையைப் பொறுப்பெடுத்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம், முஸ்லிம். ஒரு யூதப் பெண்மணியின் கைவேலையை ஒரு முஸ்லிம் காத்துக்கொண்டிருக்க, முளகுமூட்டுக் கத்தோலிக்கச்சி நான் அதே தெருவுக்கு எபிரேய எழுத்துத் தைத்தேன். வெளியூர்க்காரர்கள் அதை அதிசயமாகப் பேசுவார்கள். எங்களுக்கு அது பக்கத்து வீட்டு சங்கதி.

இப்போது அப்பத்துணியின் அடிப்பக்கத்துத் துணியைப் பற்றி. அதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

ஒரு தடவை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நீளமாக ஒரு பட்டை தைத்துத் தரச் சொன்னார்கள். ஜெர்மனி யூதர்களின் வழக்கமாம் அது. ஆண்பிள்ளைக்கு விருத்தசேதனம் ஆகும் அன்று போர்த்தியிருந்த துணியை நாலு பட்டையாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, பிள்ளையின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதி, ‘வேதத்துக்கும் கல்யாணப் பந்தலுக்கும் நற்செயலுக்கும் வளரட்டும்’ என்று ஆசீர்வாதமும் எம்பிராய்டரி செய்து, தோராச் சுருளைச் சுற்றிக் கட்டக் கொடுப்பார்களாம். இங்கே கொச்சியில் தோராவைக் கூட்டுக்குள் நிறுத்தி வைப்பார்கள், அதனால் இப்படிப் பட்டையை நான் பார்த்ததே இல்லை. பிள்ளையின் ஈரம் பட்ட துணி வேதத்தைக் கட்டுவதா என்று முதலில் திகைத்தேன். அப்புறம் அதைத் தைத்த பதினைந்து நாளும் எனக்கு உன் தொட்டில் சேலைதான் கண் முன்னால்.

பச்சைக் கட்டம் போட்ட அந்த நூல்சேலை, உன் பாட்டியுடையது. உத்திரத்தில் கட்டி உன்னை ஆட்டியது. இத்தனை வருஷமும் டிரங்குப் பெட்டியில் வேப்பிலைக்கு நடுவே இருந்தது. துணிதான் எவ்வளவு மெத்தென்று ஆகிவிட்டது! முந்தானைப் பக்கம் நைந்துபோயிருந்தது, நடுப்பாகம் நன்றாகவே இருந்தது. அதில் 20 அங்குலத்துக்கு 16 வெட்டி அப்பத்துணிக்கு அடிப்பக்கம் வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, கோபிக்காதே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ நிற்கும் மேசையில் அது இருக்கட்டும் என்று தோன்றியது. மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், உனக்கு ஒரு காலத்தில் தேவைப்படும்.

மூன்று பக்கம்தான் தைத்திருக்கிறேன். நாலாவது பக்கத்துக்கு மூன்று பிரஸ் பட்டன். துவைக்கும்போது இரண்டையும் பிரித்துப் புரட்டிக்கொள்ளலாம். பச்சத்தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை போதும், வெந்நீர் வேண்டாம், மாதுளைச் சிவப்பு இறங்கிவிடும். பிழியாதே, துண்டில் சுருட்டி அழுத்து. இஸ்திரி போடுவதானால் கம்பளியின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் போடு, இல்லாவிட்டால் முடிச்செல்லாம் நசுங்கிப்போகும். திராட்சரசம் சிந்தினால் பதறாதே. அது அந்த மேசைத் துணிதானே.

கண்ணைப் பற்றிக் கேட்டாய். காலை வெளிச்சத்திலேயே பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொள்கிறேன், சாயங்காலம் வரை ஓடுகிறது. முன்பு அந்த வேலை உன்னுடையது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன்னால் மேசையில் போட்டுவிடு. போட்டோ எடுக்கிறேன் என்று அந்த நேரத்தில் போனைத் தூக்காதே, அவர்கள் வீட்டு முறை அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூப்பிடுகிறேன். அம்மச்சி பட்டனைப் பிரித்துப் பின்பக்கத்தைப் பார்த்தாரா என்று மட்டும் அப்போது சொல்.

உன் அம்மா