உங்கள் வீட்டுத் திண்ணை

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி

மச்சான்,

நான்கு மாதமாகப் பதில் போடாதது தப்புதான், கோபப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விடவில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் வீடு. நேற்று உன் அண்ணன் ஒரு புரோக்கரோடு வந்தார். அந்த ஆள் உள்ளே ஓர் அறையைக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று திண்ணையை டேப் பிடித்து அளந்துவிட்டு, "இதை இடித்தால் ஒரு கார் நிற்கும்" என்றான். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நீ ஓசூர் போனபின் அந்தத் திண்ணை சும்மா கிடக்கிறது என்றா நினைக்கிறாய்? மாசி பிறந்ததிலிருந்து எதிர்வீட்டு அக்கா, பாய் வீட்டுப் பெண்கள் என ஏழெட்டுப் பேர் அங்கேதான் புளி தட்டுகிறார்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்தால் கிலோ கணக்கில் கூலி. அவரவர் வீட்டுக்குள்ளும் செய்யலாம். ஆனால் ஒருத்தி தெலுங்கில் கேட்க, இன்னொருத்தி உருதுவில் பதில் சொல்ல, கன்னடப் பாட்டி இருவரையும் அதட்ட, யார் வீட்டில் என்ன சங்கதி என்பது அங்கேதான் தெரிகிறது. போன மாதம் அம்மா இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் களியும் கீரைக் குழம்பும் வந்துவிட்டது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"ஆட்டோகூடத் திரும்பாத சந்துடா அது" என்று எழுதியிருந்தாய். திரும்பாதுதான். அதனால்தான் பிள்ளைகள் இன்னும் தெருவில் பந்து விளையாடுகிறார்கள். சித்திரையில் மலைப்பாறையின் சூடு ராத்திரியெல்லாம் தெருவில் இறங்குகிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் பக்கச் சுவரில் வெயில் படாது, மத்தியானம் கூடத்தில் படுத்தால் தெரியும். ஹைவே பக்கம் புது லேஅவுட்டில் தங்கை வீடு கட்டியிருக்கிறாள். விசாலமான வீடு. கொத்தமல்லி வாங்க வண்டி எடுக்க வேண்டும்.

நம் குட்டை வாத்தியார் சொல்வாரே, 1791-ல் ஆங்கிலேயத் தளபதி மாக்ஸ்வெல்லின் படை கீழே பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது என்று. அடுத்த வருடம் நம் சுற்றுவட்டாரமான பாரமகாலே திப்புவிடமிருந்து ஆங்கிலேயரிடம் கைமாறியது. அத்தனைக்கும் பிறகும் பேட்டை பேட்டையாக இருந்தது. இப்போது நம் வரிசையில் மூன்று திண்ணைகள் போய்விட்டன. அந்த மூன்று வாசலிலும் இரும்பு கேட். யாரும் நிற்பதில்லை.

மகள் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தால் விற்றுவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். திண்ணையை விட்டுவைக்கிற ஆளாகப் பார்த்துக் கொடு. அவசரம் இல்லையென்றால் வாடகைக்கு விடு. ஒரு டீச்சர் குடும்பம் கேட்கிறது, இரண்டு பிள்ளைகள்.

அண்ணனிடம் நீயே பேசு. நான் பேசினால் அந்தப் பழைய பம்பரச் சண்டையை எடுப்பார். சாவி என்னிடம்தான் இருக்கிறது. பின்கட்டில் இரண்டு ஓடு நழுவியிருக்கிறது, மழைக்கு முன் மாற்றிவிடுகிறேன். பணம் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா.