விளையாட்டு விடுதி நிர்வாகத்துக்கு ஒரு தாயின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விடுதி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 1500 மீட்டர் ஓடும் என் மகள் காலெலும்பில் விரிசலோடு வீட்டில் இருப்பதும், அதற்கு முன் பல மாதங்களாக அவளுக்கு மாதவிலக்கு நின்றிருந்ததும் தாங்கள் அறிந்தவையே. அவள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது, "கடுமையாக ஓடும் பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பதில் கிடைத்திருக்கிறது. அப்படி இருக்கக் கூடாது. உழைப்புக்கு ஈடான உணவு கிடைக்காத உடலில் மாதவிலக்கு நிற்கும், எலும்பும் வலுவிழக்கும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது.

மாலைப் பயிற்சி ஆறரை மணிக்கு முடிகிறது. இரவு உணவோ ஒன்பது மணிக்கு. இடையில் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடிச் சுண்டல்கூட இல்லை. ஒன்பது மணிக்குத் தட்டில் விழுவது சோறு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல். சுவரில் ஒட்டிய பட்டியலில் தினமும் இருக்கும் முட்டை, புதன்கிழமை மட்டுமே தட்டுக்கு வருகிறது. தீவிரப் பயிற்சியில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பதோ ஏறத்தாழ 6 கிராம். சாப்பிட்ட கையோடு தரப்படும் தேநீர், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் குறைத்துவிடுகிறது. இவற்றைக் கவனிக்கத்தான் விளையாட்டு உணவியல் நிபுணர் ஒருவரை நியமிக்கும்படி பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

நிதி இல்லை என்கிறீர்கள். பரிசளிப்பு மேடைக்கும் பதாகைகளுக்கும் ஒருமுறைகூட நிதி இல்லாமல் போனதில்லையே! பளு தூக்கும் பையனும் நெடுந்தூரம் ஓடும் பெண்ணும் என்ன சாப்பிட வேண்டும் என்பதைச் சமையல் ஒப்பந்ததாரர் முடிவு செய்கிறார். பசி தாளாத பிள்ளைகள் யாரோ சொன்ன புரத மாவை வாங்கிக் கரைத்துக் குடிக்கிறார்கள். அதில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லிப் பிள்ளை எளிதில் தப்ப முடியாது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சந்தித்து, பயிற்சிக்கேற்ப உணவை வகுத்து, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அதை மாற்றித் தரும் நிபுணர் ஒருவரை நியமியுங்கள். மாதவிலக்குப் பற்றிப் பெண் பிள்ளைகள் கூசாமல் பேசக்கூடியவராக அவர் இருக்கட்டும். அதுவரை இரவு உணவையாவது ஏழரை மணிக்கு மாற்ற அன்புகூர்ந்து உத்தரவிடுங்கள். அதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓட்ட வீராங்கனை ஒருவரின் தாய்